சலேத் மேரி மீது மணல் புகார்

யாரைத் தேடுறீங்க? சலேத் மேரியையா? அவ இல்லையே. கடல்பாசி எடுக்கப் போயிருக்கா. மத்தியானத்துக்கு மேலதான் கரையேறுவா. நீங்க எங்கிருந்து வர்றீக? பரமக்குடியா? டீச்சரா? அதானே பாத்தேன். செருப்பைக் கழட்டி ஜோடியாச் சேத்து வச்சீங்களே, அப்பவே நெனச்சேன். வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மணல்மேட்டைப் பத்திக் கேக்கத்தானே வந்தீக? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாக. வந்து நேரா அவகிட்ட போறாக. அவ ரெண்டு வார்த்தை சொல்லுவா. "ஓலை கட்டுனோம், கொடி நட்டோம்." அவ்வளவுதான், மீன் அறுக்கப் போயிருவா. அதை எழுதிக்கிட்டு, ரெண்டு போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிருறாக. முழுக் கதையும் தெரிஞ்சவ நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒருத்தரும் கேக்குறதில்ல. இத்தனைக்கும் பாதிக் கதை நடந்ததே என்னாலதான்.

என் பேரு ரெஜினா. சலேத்துக்கு அண்ணன் பொண்டாட்டி. எங்க மாமனார் இந்த இடத்தை ரெண்டாப் பிரிச்சு, மேற்குப் பாதியை மகளுக்கும் கிழக்குப் பாதியை மகனுக்கும் குடுத்துட்டுக் கண்ணை மூடிட்டாரு. தெருவுக்கே இருக்கிற ஒரே நல்லதண்ணிக் கிணறு மேற்குப் பாதியில போயிருச்சு. அதுலயும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டம். சரி, அதை விடுங்க.

ரெண்டு வீட்டுக்கும் முன்னாடி தெக்குக் கடல். எங்க தீவுல வடக்க இருக்கிறது பெண் கடல், சத்தமே இருக்காது. இது ஆண் கடல். காரணமே இல்லாமக் கத்தும். நான் வாக்கப்பட்டு வந்தப்ப கடல் எங்கிட்டோ இருந்துச்சு. வாசல்லருந்து பாத்தா வலை காயப்போடுற வெளி, அப்புறம் சின்னக் கோயிலா அந்தோணியார் குருசடி, அப்புறம் ஆள் உயரத்துக்கு மணல்மேடு. மேட்டு மேல ஏறுனாத்தான் கடலே தெரியும். அப்புறம் மேடு போச்சு. மேடு போன பின்னாடி குருசடி போச்சு, வெளி போச்சு. குருசடி போன அன்னைக்கு அந்தோணியாரை மட்டும் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தோம். கடைசியில எப்படி ஆச்சுன்னா, நான் அடுப்படி வாசல்ல உக்காந்து மீன் கழுவுனா, அலை வந்து மீனைத் திருப்பிக் கேக்குற மாதிரி ஆயிருச்சு.

மேடு எப்படிப் போச்சுன்னா? கடல்தான் தின்னுச்சு. வேற யாரு திங்குவா?

மேற்கே பக்கத்து ஊருக்குக் கல்லு கொட்டுனாக. அவுக கரை நின்னுச்சு. எங்க கரை இன்னும் வெரசாப் போச்சு. உடனே நாங்களும் கல்லு கேட்டு மனுக் குடுத்தோம். ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு, "கல்லு வந்தா மொத லோடை எங்க வீட்டு முன்னாடிதான் தட்டணும்"னு துணிச்சலாச் சொன்னவ நான்தான். கல்லு வரல. அதுக்குப் பதிலா மண்டபம் ஊருல மூணு நாள் பயிற்சின்னு ஒரு காயிதம் வந்துச்சு. கரையைக் காப்பாத்துறது எப்படின்னு சொல்லித் தருவாகளாம், மகளிர் குழுவுலருந்து ஒரு ஆள் வரணுமாம். என்னைத்தான் போகச் சொன்னாக. நான் விசாரிச்சேன். மூணு நாளும் சைவச் சாப்பாடுன்னாக. நான் போகல. சலேத் போனா. பாத்துக்கங்க, ஒரு துண்டு மீனு போட்டிருந்தாகன்னா இன்னைக்கு நீங்க என்னையத் தேடி வந்திருப்பீக.

அப்ப எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு வருஷமா. என் மகள் கல்யாணப் பத்திரிகையில அவ வீட்டுக்காரன் சூசை பேரு விட்டுப் போச்சு. அச்சடிக்கிறவன் செஞ்ச தப்பு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சொந்த அத்தைக்காரி, கல்யாணத்துக்கு வந்து கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டா. அன்னையிலருந்து நான் கிணத்துக்குப் போனா அவ வீட்டுக்குள்ள போயிருவா. அவ முத்தத்துக்கு வந்தா நான் அடுப்படிக்குள்ள போயிருவேன். நடுவுல எங்க வீட்டுக்காரரு இன்னாசி மட்டும் ரெண்டு வீட்டுலயும் காப்பி குடிச்சுக்கிட்டு சௌக்கியமா இருந்தாரு.

பயிற்சிக்குப் போயிட்டு வந்தவ மறுநாளே சவுக்குக் கம்பை வரிசையா ஊன்றா. இடுப்பு உசரத்துக்குப் பனை ஓலையை அதுல வச்சுக் கட்டுறா. அதுவும் நெருக்கமாக் கட்டல. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவுல விரல் நுழையுற மாதிரி சந்து. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கடலை ஓலையால மறிக்கப் போறாளாம்! தெருவே சிரிச்சுச்சு. நான் கொஞ்சம் கூடச் சிரிச்சேன், அவ்வளவுதான். அப்புறம் எங்கிட்டோ போய் ஒரு புல்லைக் கொண்டாந்தா. ஊசி ஊசியா, பந்து மாதிரி பூவும் அதுவும். பேரு இராவணன் மீசை. "நம்ம தீவுல வந்து, அதுவும் இராவணன் மீசையை நட்டா வெளங்குமா?"ன்னு நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவளுக்குக் கேக்கணும்னு கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். அவ காதுல வாங்கல.

கச்சான் காத்து தொடங்குச்சு. கச்சான்னா மேற்கேருந்து அடிக்கிறது, மணலை வாரி வாரி மூஞ்சியில எறியும். ஒரு மாசந்தான் டீச்சர். அவ ஓலைக்குப் பின்னாடி மணல் ஏறுது! முழங்கால் உசரம். அப்புறம் ஓலையே முங்கிப் போச்சு. அதுக்கு மேல இன்னொரு ஓலை கட்டுறா. எனக்கு முன்னாடி? ஒரு பிடி இல்ல. முந்தி பறந்து வந்துக்கிட்டிருந்த மணலும் வரல. நான் ஒரு வாரம் உக்காந்து பாத்தேன். மேற்கேருந்து மணல் கிளம்புது, வருது, வருது, அவ ஓலைகிட்ட வந்ததும் பொத்துன்னு உக்காந்துருது. என் வீட்டுக்கு வர வேண்டிய மணலு! வழிமறிச்சுப் புடுங்குறா!

நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன பேரு? களவுதானே?

போலீஸ் ஸ்டேசனுக்குப் போய் மனுக் குடுத்தேன். நானே எழுதுனது. "எங்கள் வீட்டிற்கு முன்பாக உள்ள கடற்கரை மணலை மேற்படி சலேத் மேரி என்பவர் கடந்த ஒரு மாத காலமாகத் தொடர்ந்து திருடி வருகிறார்." எழுத்து முத்து முத்தா இருக்கும். மனுவை வாங்குன ஏட்டையா "மணல் திருட்டு"ங்கிறதை மட்டும் படிச்சுட்டு வேகமா உள்ள போனாரு. வெளிய வந்தவரு, "நீங்க தைரியமாப் போங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்"னாரு. எனக்கு உச்சி குளுந்துருச்சு.

மறுநா காலையில ரெண்டு ஜீப்பு. எஸ்.ஐ. ஒரு பொம்பளைப் பிள்ளை, என் மக வயசுதான் இருக்கும், நல்லா வெடவெடன்னு இருந்தாக. கூட ஆறு போலீஸு, வருவாய் ஆய்வாளரு, ஒரு டேப்பு. தெருவே கூடிருச்சு. எஸ்.ஐ. அம்மா இறங்குனதும் சுத்திப் பாத்துட்டுக் கேட்டாக:

"லாரி எங்க?"

"லாரி இல்லைங்க."

"டிராக்டரா?"

"அதுவும் இல்லைங்கம்மா."

"அப்ப எதுல கடத்துறாங்க?"

"காத்துல."

அவுக என்னையவே பாத்தாக. நான் விடாம விளக்கிச் சொன்னேன். பத்து மணிக்கு மேல காத்து எந்திரிக்கும், அப்ப ஆரம்பிச்சா சாயந்தரம் வரைக்கும் நடக்கும், ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதுன்னு. பின்னாடி நின்ன ஒரு போலீஸுக்காரரு தொப்பியைக் கழட்டி மூஞ்சியை மூடிக்கிட்டாரு. வெயில் தாங்கல போல.

எஸ்.ஐ. அம்மா சலேத்தைக் கூப்பிட்டாக. அவ பயப்படக்கூட இல்ல. குனிஞ்சு ஒரு பிடி மணலை எடுத்தா, கையை உசத்தி விட்டா. மணல் காத்துல பறந்து போய் ஓலைக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. "வேகமா ஓடுறதை மெதுவாக்குனா உக்காந்துரும்மா. உக்காந்ததைக் கொடி புடிச்சுக்கிரும்"னா. அவ்வளவுதான் பேச்சு. எஸ்.ஐ. அம்மா ரொம்ப நேரம் ஓலையையே பாத்துக்கிட்டு நின்னாக. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாக பாருங்க. தேவையே இல்லாத கேள்வி.

"முன்னாடி இங்க மேடு இருந்துச்சுன்னு சொல்றீங்களே, அது எப்படிப் போச்சு?"

தெருவே ஒவ்வொருத்தரா என் பக்கம் திரும்புறாக. எதுக்குத் திரும்பணும்? நான் பாட்டுக்கு நிக்கிறேன். வாயைத் திறந்தது யாரு தெரியுமா? எங்க வீட்டுக்காரரு! "நாங்க வீடு கட்டுறப்ப அள்ளுனோம் மேடம். தரையை உசத்த. நாலு டிராக்டரு."

"மூணு"ன்னேன் நான்.

"நாலு ரெஜினா. அடுப்படிக்குத் தனியா ஒண்ணு போட்டோம்ல?"

சத்தியவான்! வலையில எத்தனை மீன் விழுந்துச்சுன்னு கேட்டா ஒரு நாளும் உண்மையைச் சொன்னதில்ல. அன்னைக்குச் சொல்றாரு. சரி, அள்ளுனோம், யாருதான் அள்ளல? எங்க மாமனார் காலத்துலருந்து அள்ளுறாக. நாங்க மேட்டுல கொஞ்சம் தாழ்வா ஒரு வழி வெட்டுனோம், அவ்வளவுதான். அந்த வழியில கடல் ஏறி வந்து மிச்ச மேட்டைத் தின்னா அதுக்கு நாங்களா பொறுப்பு?

எஸ்.ஐ. அம்மா என் மனுவை நாலா மடிச்சு என் கையிலேயே குடுத்தாக. "இந்தத் தெருவுல மணல் திருட்டு நடந்திருக்கிறது உண்மைதாம்மா"ன்னாக. "அஞ்சாறு மாசம் கழிச்சு வருவேன். எடுத்தவங்க எடுத்த மணலு திரும்பி இதே இடத்துல இருக்கணும். எப்படிக் கொண்டு வருவீங்களோ, எனக்குத் தெரியாது." சொல்லிட்டு என் தோளைத் தட்டிட்டுப் போனாக. அத்தனை பேரு நிக்கிறப்ப என் தோளை மட்டும்! எவ்வளவு நம்பிக்கை இருந்தா இம்புட்டுப் பெரிய பொறுப்பை ஒரு ஆளுகிட்ட குடுப்பாக, நெனச்சுப் பாருங்க.

அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சேன். அவகிட்ட போய்க் கேக்க முடியுமா? எனக்கென்ன மூளை இல்லையா? ஓலையில சந்து விட்டா மணல் நழுவிப் போகும்ல, நான் சந்தே இல்லாமத் தகரத்தை வச்சு அடைச்சேன். பழைய கூரைத் தகரம், எட்டு. பாக்க அவ ஓலையைவிட என்னோடது எவ்வளவு பாந்தமா இருந்துச்சு தெரியுமா? மூணாம் நாள் காத்து தகரத்துல முட்டி, கீழ பறிச்சுப் பறிச்சு, இருந்த மணலையும் குழியாத் தோண்டிருச்சு. நாலாம் நாள் தகரம் கிளம்பிப் போயி பங்குச் சாமியார் பைக்கு மேல உக்காந்துச்சு. நல்லவேளை, சாமி பைக்குல இல்ல. ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல பிறர் பொருளுக்குச் சேதம் உண்டாக்குறதைப் பத்தி அரை மணி நேரம் பேசுனாக. யாரை நெனச்சுச் சொன்னாகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

அப்புறம் நானே யோசிச்சு ஒரு முறையைக் கண்டுபுடிச்சேன். ஓலை, விரல் சந்து, ஓலை, விரல் சந்து. கம்பைக் கொஞ்சம் காத்துப் பக்கமாச் சாச்சு ஊனணும். இதெல்லாம் அனுபவத்துல வர்றது. நான் கட்டுற அன்னைக்கெல்லாம் சலேத்தும் அவ ஓலையைப் பிரிச்சுப் பிரிச்சு மறுபடி கட்டிக்கிட்டிருந்தா. எனக்கு நேர் எதிர்ல, மெதுவா, ஒவ்வொரு முடிச்சா. நல்லா இருக்கிறதை எதுக்குப் பிரிக்கிறான்னு நெனச்சேன். வேலை இல்லாதவ.

இன்னொண்ணு. அவளுக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மி டீச்சர். மணல் உக்காந்தா அடப்பங்கொடி நடணும், ஆட்டுக் குளம்பு மாதிரி எலை இருக்குமே, அதான். அதுல கணு கணுவா வெட்டி ஒரு கட்டு, ஈரச் சாக்கு சுத்தி, எல்லைகிட்ட போட்டுட்டு மறந்து போயிருவா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மறப்பா. அதுவும் எல்லைக்கு இந்தப் பக்கமே வச்சு மறப்பா. நான் எடுத்து நட்டுக்கிருவேன். வீணாப் போகுதேன்னுதான். ஒரு வாரம்கூட வந்து கேட்டதில்ல. அந்த அளவுக்கு மறதி.

ஐப்பசியில வாடை திரும்புச்சு. இப்ப மணல் கிழக்கேருந்து வருது. மொதல்ல என் ஓலையில உக்காந்துட்டுத்தான் மிச்சம் அவளுக்குப் போகுது. அவ போய்ப் புகார் குடுத்தாளா? குடுக்கல. அவளுக்கு அந்த அளவுக்கு விவரம் பத்தாது.

ரெண்டு பக்கமும் மேடு எழுந்துருச்சு. என்னோடது இடுப்பு உசரம், அவளோடது அதுக்கும் மேல. கொடி படந்து ஊதாப் பூ. எஸ்.ஐ. அம்மா சொன்ன மாதிரியே வந்தாக, ஞாயித்துக்கிழமை, சேலை கட்டிக்கிட்டு. செருப்பைக் கழட்டிட்டு என் மேட்டுல இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் நடந்தாக. சிரிச்சாக. நடந்துக்கிட்டே வந்தவுக டக்குன்னு நின்னுட்டாக.

"இது என்ன, இங்க மட்டும் இப்படி மொட்டையா இருக்கு?"

எல்லைதான். என் ஓலை எல்லைக்கு நாலடி முன்னாடியே நின்னுரும். எல்லை வரைக்கும் கட்டுனா என் மணலு அவ பக்கம் சரியும்ல? அவளோடதும் நாலடி முன்னாடியே நிக்கும். அவளுக்கும் ரோசம் இருந்துச்சு, இல்லைங்கல. ரெண்டு மேட்டுக்கும் நடுவுல எட்டடிக்கு ஒரு வாய்க்கால் மாதிரி வெறும் தரை.

"அது அவுக இடம்"னேன் நான்.

"அது மதினி இடம்"னு சலேத் எஸ்.ஐ. அம்மாகிட்ட சொன்னா. என்கிட்ட சொல்லல.

எஸ்.ஐ. அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போனாக.

டிசம்பர் மாசம். அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமைதான். வாடையில இந்தக் கடல் சாதுவாத்தான் கிடக்கணும். அன்னைக்குப் புயலு தாண்டிப் போறப்ப காத்து தெக்கேருந்து திரும்பிருச்சு. பூசை முடிஞ்சு வர்றோம், கடல் பால் மாதிரிப் பொங்குது. ஆம்பளைக எல்லாரும் வள்ளத்தை இழுத்துக் கட்டத் துறைக்கு ஓடிட்டாக. அலை வந்து மேட்டுல மோதுது, கொஞ்சம் அரிக்குது, திரும்பிப் போகுது. மோதுது, திரும்பிப் போகுது. மேடு நிக்குது டீச்சர்! நான் வாசல்ல நின்னு கையைத் தட்டுனேன். என் ஓலை! என் கொடி! அப்பத்தான் பாத்தேன். போக வழியில்லாத தண்ணியெல்லாம் ஒண்ணாச் சேந்து அந்த எட்டடியில நுழையுது. குழாயைத் திறந்து விட்ட மாதிரி. நேரா என் அடுப்படி மூலையில முட்டி, அங்கருந்து திரும்பிக் கிணத்துப் பக்கம் போகுது. அந்தக் கிணத்துல உப்புத் தண்ணி ஏறிருச்சுன்னா இருபது வீடு குடிக்கத் தண்ணியில்லாம ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்.

சலேத் அந்த எட்டடிக்குள்ள ஒத்தையா நிக்கிறா. இடுப்பு வரைக்கும் தண்ணி. கையில காலிச் சாக்கு. ரொப்ப மணலு இல்ல, சுத்திலும் சேறும் தண்ணியும். மேட்டுல கை வைக்க முடியுமா? வச்சா அதுவும் போயிரும். அவ என்னையப் பாத்தா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட பேசுன மொத வார்த்தை:

"மதினி! காஞ்ச மணலு வேணும்!"

காஞ்ச மணலுக்கு நான் எங்க போவேன்? தெரு பூராம் தண்ணி. உசரமா, காஞ்சு இருந்தது என் வீடும் என் அடுப்படியும்தான். அடுப்படி தனிக் கொட்டகை, தரையை நல்லா ஒசத்திப் போட்டது. ஏன் அப்படிச் செஞ்சேன்னு இன்னைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியல. கடப்பாரையை எடுத்தேன். அடுப்பைத் தூக்கி வெளிய வச்சேன். சிமெண்டுப் பூச்சை ஒடைச்சேன். அடியில மணலு. பொன்னு மாதிரி, காஞ்சு, கெட்டிச்சுக் கிடக்குது. வீடு கட்டுறப்ப போட்டது. அள்ளி அள்ளிச் சாக்குல ரொப்பினேன். தெருவுப் பொம்பளைக எல்லாம் ஓடி வந்துட்டாக, வரிசையா நின்னு கை மாத்தி விட்டாக. சலேத்தும் நானும் எட்டடிக்குள்ள நின்னு சாக்கை அடுக்குறோம், அலை வந்து புடுங்குது, நாங்க மேல ஏறி உக்காந்துக்கிறோம். ஆமா, சாக்கு மேல ரெண்டு பேரும், கட்டிப் புடிச்சுக்கிட்டு. வேற என்ன செய்ய? அலை போனதும் எந்திரிச்சு அடுத்த சாக்கு.

நாலாவது அலையோ அஞ்சாவது அலையோ, வாயெல்லாம் உப்புத் தண்ணி. இன்னைக்கு ரெண்டு பேரும் போயிருவோம்னு நெனச்சேன். போறதுக்கு முன்னாடி சொல்லிரணும்னு தோணுச்சு. கத்துனேன்:

"சலேத்து! பத்திரிகையில சூசை பேரை நான்தான் எழுதாம விட்டேன்!"

"என்னது?"

"சூசை பேரு! அச்சடிக்கிறவன் இல்ல, நான்தான்!"

"தெரியும் மதினி! சாக்கைப் புடிங்க!"

தெரியுமாம். ஆறு வருஷமாத் தெரியுமாம். அப்புறம் எதுக்கு நான் அந்த அச்சகத்துக்காரனோட சண்டை போட்டு நடிச்சேன்?

சாயந்தரம் காத்து தணிஞ்சுச்சு. சாக்கு நின்னுச்சு. கிணத்துல ஒரு வாளி இறைச்சு சலேத் வாயில ஊத்திப் பாத்தா, எனக்கு நீட்டுனா. இனிப்புத் தண்ணி. நான் முத்தத்துலயே உக்காந்து அழுதேன். கிணத்துக்காக இல்ல. திரும்பிப் பாத்தா என் அடுப்படி இல்ல. தரை தோண்டிப் போட்டதால சுவரு சாஞ்சு, கூரை விழுந்து கிடக்குது. எங்க வீட்டுக்காரரு துறையிலருந்து வந்தவரு அந்தப் பள்ளத்தைப் பாத்தாரு, எட்டடியில அடுக்கியிருந்த சாக்கைப் பாத்தாரு, மறுபடி பள்ளத்தைப் பாத்தாரு. விரலை மடக்கி ஏதோ எண்ணுனாரு. நான் மொறைச்ச மொறைப்புல வாயை மூடிக்கிட்டாரு.

அன்னையிலருந்து சலேத் வீட்டு அடுப்புலதான் சமையலு. அடுப்படி கட்டுற வரைக்கும்தான்னு சொல்லித்தான் நுழைஞ்சேன். அந்த எட்டடிக்கு ஓலையை ரெண்டு பேருமாக் கட்டுனோம். கொடியை நட்டோம். அவ நடுற மாதிரி நட்டா அது வேருப் புடிக்காதுன்னு நான் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. ஆனா அவ மாதிரியேதான் நட்டா. அவளுக்குப் புளி ஊத்தத் தெரியாது டீச்சர். மீன் குழம்புல புளியைக் காட்டிட்டு எடுத்துருவா. நான் இன்னும் கொஞ்சம் கரைச்சு ஊத்துவேன், அவ தேங்காய்ப் பாலை ஊத்தி அதை அமுக்குவா. சூசை பாவம், ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

ஈஸ்டர் கழிஞ்சு மேஸ்திரி வந்தாரு, அடுப்படிக்கு அளவு எடுக்க. நூலைப் புடிச்சுக்கிட்டுப் பள்ளத்துகிட்ட போனவரு நின்னுட்டாரு. எட்டடியில நட்ட கொடி மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, என் அடுப்படி இருந்த இடம் பூராம் ஓடியிருக்கு. பள்ளமே தெரியல. மணலு வந்து நெறைஞ்சு, அதுக்கு மேல எலை, எலைக்கு நடுவுல பூ. நானும் தெனம் அந்த வழியாத்தான் போறேன் வர்றேன். அன்னைக்குத்தான் நின்னு பாத்தேன்.

"வெட்டிரலாமாக்கா? ஒரு மணி நேர வேலை"ன்னாரு மேஸ்திரி.

சலேத் அவ வாசல்ல சட்டியைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. வெட்டாதீகன்னு அவ சொல்லுவான்னு பாத்தேன். சொல்லியிருந்தா அன்னைக்கே வெட்டச் சொல்லியிருப்பேன். ஒண்ணுமே சொல்லல. என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னா.

"நூலைச் சுருட்டுங்க மேஸ்திரி"ன்னேன்.

"அப்ப அடுப்படி?"

"இம்புட்டு நாளா எங்க சமைச்சேனோ அங்கதான்."

சலேத் சட்டியைக் கீழ வச்சா. "அப்படின்னா புளி இனிமே நான் சொல்ற அளவுதான் மதினி"ன்னா.

"அதைப் பாப்போம்"னேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை, இன்னைக்குக் காலையிலகூட நடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு, "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்களே ஆறு வருஷம், அப்ப நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?"ன்னு. சூசையும் ஆமாம்னு தலையை ஆட்டுறாரு. இப்பெல்லாம் சட்டியை அடுப்புல ஏத்துற சத்தம் கேட்டாலே ரெண்டு பேரும் வலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குக் கிளம்பிருறாக. முன்னைக்கு இப்ப மீனு கொஞ்சம் கூடத்தான் வருது.